மூன்று முழமும் நான்கு விரலும்

எனக்கு ஒழுங்காகத் தெரிந்த தொழில் ஒன்றுதான். ஒலிநாடாவைச் சவர பிளேடால் வெட்டி, வேண்டாததை எடுத்துவிட்டு, மிச்சத்தை வெட்டு கேட்காமல் ஒட்டி ஓட விடுவது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எத்தனையோ வேலைக்குப் போனேன். எதிலும் ஆறு மாதத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் மட்டும் மூன்று வருடம் இருந்தேன்.

கோயில் திருவிழாக்களில் பதிந்த இசைக்குழுப் பாட்டுகள் பெரிய சுருளில் வரும். அவற்றை வெட்டித் துப்புரவாக்கிக் கசெற்றில் ஏற்றுவது என் வேலை. அந்தக் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. பொத்தானை அமத்தினால், விரலை எடுக்கும் முன் பாட்டு வரவேண்டும். பாடகர் இருமுவது, மேளக்காரர் தட்டிப் பார்ப்பது, மைக்கைச் சரிசெய்வது எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு செக்கன் வெறும் நாடா ஓடினாலும் ஆள் திரும்பி வந்து சண்டை பிடிப்பான். வெட்டி விழுந்த துண்டுகளைத் தோட்டக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். வெங்காயப் பாத்திகள் உள்ள தறைக்கு மேலே இழுத்துக் கட்டினால் வெயிலில் மின்னி, காற்றில் விர்ரென்று இரையும். குருவி கிட்ட வராது.

இந்த இரண்டு பழக்கத்தையும் நான் ஜெர்மனி வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். அதனால் நாலு பேருடைய முதல் இசைத்தட்டு போகப் பார்த்தது.

எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தேன். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், பூட்டிக் கிடந்த பழைய விடுதி ஒன்றில் எங்களைப் போட்டார்கள். அதை ஹைம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அறைக்கு நாலு பேர். வேலை செய்யக் கூடாது. மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. எங்கள் தாளில் மாவட்டத்தின் பெயர் அடித்து, அதற்குக் கீழே கோடும் போட்டிருந்தது. சாப்பாடு செவ்வாயும் வெள்ளியும் பெட்டிகளில் வரும். ஆளுக்கு ஒரு பெட்டி, உள்ளே அரிசி, ஒரு கோழி, ஒரு ரின் பால், யாருக்கும் விருப்பமில்லாத ஒரு பாண் ரொட்டி.

பெட்டி கொண்டுவரும் லொறிக்காரர் கறுப்பு அமெரிக்கர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிப்பாயாக வந்து, இங்கத்தைப் பெண்ணைக் கட்டி, படையை விட்டு இங்கேயே தங்கிவிட்டவர். பெட்டி இறக்கும்போது அடித்தொண்டையில் பாடிக்கொண்டே இருப்பார். அவர் பாடினால் லொறியின் தகரம் அதிரும். ஒரு வெள்ளிக்கிழமை லொறியிலிருந்த பிளேயர் அவருடைய கசெற்றைத் தின்றுவிட்டது. நாடா கூழாகி வெளியே தொங்க, மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். நான் போய் சவர பிளேடு கேட்டேன்.

"ஏன், ஆரைக் குத்தப் போறீர்?" என்றார்.

எங்கள் இருவருக்கும் இடையில் பாதி இங்கிலீசும் பாதி டொய்ச் என்கிற ஜெர்மன் மொழியும்தான் ஓடும். ஆனால் அவர் பேசியதும் மற்றவர்கள் பேசியதும் எனக்குள் எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டன. அப்படித்தான் இங்கே எழுதவும் முடிகிறது.

பத்து நிமிடத்தில் கசெற்றை ஒட்டிக் கொடுத்தேன். போட்டுக் கேட்டார். வெட்டு எங்கே என்று தேடினார். கிடைக்கவில்லை.

"நீர் இஞ்ச இருந்து என்ன செய்யிறீர்?"

"சும்மா இருக்கிறன்."

"உம்மைப் பார்த்தால் சும்மா இருக்கிற ஆள் மாதிரித் தெரியேல்லை."

அப்படித்தான் அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். ஹைமிலிருந்து ரெயிலில் இரண்டு நிறுத்தம். ஆனால் இரண்டு நிறுத்தத்துக்கும் நடுவில் மாவட்டம் மாறிவிடும். மார்கழியில் ஒருமுறை ரெயிலில் பிடித்துப் பெயரை எழுதிக்கொண்டார்கள். அடுத்த முறை பிடிபட்டால் வழக்குப் போகும், அது உம்முடைய அகதி விண்ணப்பத்துக்கு நல்லதில்லை என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் போனேன். அறையில் கிடந்து கூரையைப் பார்க்க என்னால் ஏலாது.

ஸ்டூடியோ ஒரு பழைய சலவைக்கூடம். சுவர் முழுக்க முட்டை அட்டையும் படையினர் கழித்துவிட்ட கம்பளிகளும் அடித்திருந்தன. நடத்துபவன் ஜெர்மன்காரன், என் வயதுதான். அதிகம் கதைக்க மாட்டான். தன் மெஷின்களோடு மட்டும் வாய்க்குள் ஏதோ சொல்லுவான். பதினாறு வழி கொண்ட அகல நாடாவில் பதிவான். ஒரு வழியில் ஒரு குரல், இன்னொரு வழியில் இன்னொரு குரல். ஒருவர் இன்று பாடிவிட்டுப் போகலாம், மற்றவர் நாளைக்கு வந்து அதைக் காதில் கேட்டபடி தன் பங்கைப் பாடலாம். எங்கள் கடையில் இப்படி ஒன்றைக் கனவிலும் நினைத்ததில்லை. நான் நிலம் கூட்டினேன், கேபிள் சுருட்டினேன், இரண்டு கிழமைக்குப் பிறகு நாடா வெட்டும் வேலை முழுதும் என் கைக்கு வந்தது.

அந்த வசந்தத்தில் அங்கே பதிந்துகொண்டிருந்தவர்கள் நாலு பேர். கறுப்பர்களின் சோல் பாட்டுப் பாடும் குரல் குழு. லொறிக்காரர் கீழ்க்குரல். இரண்டு சகோதரிகள், தாய் ஜெர்மன்காரி, தகப்பன் அமெரிக்கச் சிப்பாய். முன்குரல் பாடியவன் இருபத்தாறு வயதுச் சிப்பாய். பக்கத்து அமெரிக்கப் படைமுகாமில் வாகனம் திருத்துபவன். வாயைத் திறந்தால் நாங்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு நிற்போம்.

குழுவை நடத்தியவள் மூத்த சகோதரி. பகலில் பல்வைத்தியரிடம் வேலை, பின்னேரம் இங்கே. அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது தகப்பனைப் படை திருப்பி அழைத்துக்கொண்டது. தங்கை அப்போது வயிற்றில். இதற்கு முன்பு அவள் இரண்டு குழு சேர்த்திருந்தாள். இரண்டிலும் முன்குரல் பாடியவர்கள் சிப்பாய்கள். இரண்டு பேரையும் பாட்டு ஒன்றுகூட நாடாவில் ஏறும் முன் ஊருக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

"எங்களுக்கு வேற எதிரி ஆருமில்லை," என்பாள். "விமானச் சீட்டுத்தான்."

இந்த முறையும் சீட்டு வந்துவிட்டது. சிப்பாய்க்குச் சித்திரை கடைசி வியாழன் புறப்பாடு. அதற்குள் பத்துப் பாட்டுக்கு அவன் குரல் வேண்டும். இசைத்தட்டு போடும் கம்பனியிலிருந்து ஒருவர் அடுத்த திங்கட்கிழமை வந்து கேட்பதாக ஏற்பாடு. அவர் இவர்களைப் படையினரின் கிளப்பில் கேட்டிருக்கிறார். அவரைப் பிடித்தது ஒரு பாட்டு. அதற்கு முன்னிசை கிடையாது. ஒன்றுமில்லாத அமைதியிலிருந்து நாலு குரலும் ஒரே கணத்தில் வந்து விழும். அந்தப் பாட்டு அப்படியே நாடாவில் இருந்தால், அதை முதலாவதாக வைத்துத் தட்டுப் போடலாம், இல்லாவிட்டால் இதுபோலப் பத்துக் குழு என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒன்பது பாட்டு முடிந்தது. அந்தப் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். சிப்பாய் போவதற்கு முதல் நாள், புதன்கிழமை, எல்லோரும் வந்தார்கள். இளையவளுக்குத் தொண்டை வீங்கிக் குரல் அடைத்துப் போயிருந்தது. ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினாள். சனிக்கிழமை வரை வாய் திறக்கக் கூடாதாம்.

லொறிக்காரர் கூரையைப் பார்த்தார். மூத்தவள் மட்டும் கொஞ்சமும் அசையவில்லை.

"அவன் இண்டைக்குத் தனியப் பாடட்டும். நாங்கள் சனிக்கிழமை அவனைக் கேட்டுப் பாடுவம்."

சிப்பாய் கண்ணாடிக்கு அப்பால் தனியே நின்றான். கையில் ஒரு தடித்த மோதிரம் போட்டிருந்தான். அந்த மோதிரத்தால் பாட்டுத் தாள் வைக்கும் கம்பியில் நாலு தட்டுத் தட்டினான். பிறகு மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சை ஒரு கணம் வைத்திருந்து பாடினான். ஒரே தடவைதான். முடிந்ததும் ஸ்டூடியோக்காரன் இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்கவில்லை. சிப்பாய் எல்லோரையும் கட்டிப்பிடித்தான், என்னையும். மறுநாள் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டூடியோக்காரன் ஏதோ உதிரிப்பாகம் வாங்க வெளியூர் புறப்பட்டான். பத்துப் பாட்டையும் வரிசையாக ஒட்டி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வெள்ளை நாடா வைத்துவிடு என்றான். அவ்வளவுதான் சொன்னான். சொல்லாததையும் நான் செய்தேன்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கிடந்த கதிரை இழுபடும் சத்தம், சிரிப்பு, செருமல் எல்லாவற்றையும் எடுத்தேன். முதல் சொல் தொடங்கும் இடத்தைக் கையால் சுருளை முன்னும் பின்னும் ஆட்டிப் பிடித்து, ஒரு மயிரிழை முன்னால் வெட்டி, வெள்ளை நாடாவை அதோடு சேர்த்தேன். பத்தாவது பாட்டிலும் அப்படியே. நாலு தட்டும் மூச்சும் எனக்குக் குப்பையாகத்தான் தெரிந்தது. மற்ற ஒன்பது துண்டும் சாண், ஒன்றரைச் சாண். இது மட்டும் நீளம். வேலை முடிந்ததும் போட்டுக் கேட்டேன். பொத்தானை அமத்தினால், விரலை எடுக்கும் முன் பாட்டு. மூன்று வருடம் கடையில் செய்ததில் இவ்வளவு துப்புரவாக ஒன்றையும் செய்ததில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டு நிலம் கூட்டினேன்.

வெட்டிய துண்டுகளைப் பையில் போட்டு ஹைமுக்குக் கொண்டுபோனேன். எங்கள் அறையில் ஒரு அண்ணை இருந்தார். ஊரில் தோட்டம் செய்தவர். ஹைமின் பின் வளவைக் கொத்தி, சமையலுக்கு யாரோ வாங்கிவந்த கொத்தமல்லியையும் வெந்தயத்தையும் விதைத்துவிட்டுக் கறுப்புக் குருவிகளோடு பகல் முழுக்கச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நாடாவைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அகலமான சாமான்! உந்த நாட்டுக் குருவிக்கு உதுதான் சரி."

சனிக்கிழமை பத்து மணிக்கு மூன்று பேரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் நின்றார்கள். இளையவளின் குரல் திரும்பியிருந்தது. ஸ்டூடியோக்காரன் நாடாவை ஓடவிட்டான். சிப்பாயின் குரல் பளிச்சென்று விழுந்தது. மூன்று பேரும் வாயைத் திறக்காமல் நின்றார்கள்.

"பிந்திப் போட்டியள்," என்றாள் மூத்தவள். "முன்னுக்கிருந்து விடுங்கோ."

"இதுதான் முன்."

"தட்டு எங்க?"

ஸ்டூடியோக்காரன் என்னைப் பார்த்தான். நான் சந்தோசமாகச் சொன்னேன். "அதெல்லாம் வெட்டியாச்சு. இப்ப சுத்தம்."

ஸ்டூடியோக்காரன் இரண்டு கையையும் தலையில் வைத்தான். மூத்தவள் கருவியைக் கழற்றாமலே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வயர் இழுபட்டு அறுந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"வேற பிரதி இருக்கோ?" என்று ஸ்டூடியோக்காரனைக் கேட்டாள்.

இல்லை. கசெற்றில் எடுத்த பிரதியும் நான் வெட்டிய பிறகு எடுத்ததுதான்.

ஸ்டூடியோக்காரன் புதிதாக நாலு தட்டுத் தட்டிப் பதிந்து, முன்னால் ஒட்டிப் பார்த்தான். மூன்று பேரும் முந்தி விழுந்தார்கள். இடைவெளியைக் கூட்டினான். பிந்தி விழுந்தார்கள். இன்னும் கொஞ்சம் குறைத்தான். லொறிக்காரர் சரியாக வந்தார், சகோதரிகள் சிதறினார்கள். பதினைந்து தடவை, இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் சிப்பாயின் குரல் ஒரு பக்கமும் இவர்கள் மறுபக்கமும் இழுக்க, கதவிடுக்கில் அகப்பட்ட கைபோலப் பாட்டு நசுங்கியது. இளையவளின் தொண்டை மறுபடியும் கம்மத் தொடங்கியது.

"அவன் தாளத்தில தொடங்கிற ஆளில்லை," என்றாள் மூத்தவள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "மூச்சில தொடங்கிறவன். நாலு வருசமா நாங்கள் ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் பார்க்கிறேல்லை. அவன் மூச்செடுக்கிறதைக் கேட்டு நாங்களும் எடுப்பம். அவன் எவ்வளவு நேரம் வச்சிருக்கிறானோ அவ்வளவு நேரம் நாங்களும். அது எவ்வளவு எண்டு எனக்கு எண்ணத் தெரியாது. கேட்டால்தான் தெரியும்."

கடையில் ஒரு நாளைக்கு நாற்பது மூச்சை வெட்டி எறிந்தவன் நான். அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

"அந்தத் துண்டை எங்க போட்டனீர்?" என்றார் லொறிக்காரர்.

"தோட்டத்தில."

"என்ன?"

"குருவிக்குக் கட்டியிருக்கு."

இளையவளுக்குத் தொண்டை கம்முவதே மறந்துவிட்டது. "குருவிக்கோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அழுகையாக மாறியது. மூத்தவள் அவளைப் பார்த்து, "தொண்டை!" என்றாள். அவள் நிறுத்தினாள்.

லொறிக்காரரின் காரில் ஹைமுக்குப் பறந்தோம். பின் வளவில் நாடா குச்சிக்குக் குச்சி பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. அண்ணை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பீடி குடிப்பது போலச் சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நாடாவைக் கழட்டவேணும்."

"ஏன்? காலமையிலயிருந்து ஒரு குருவி கிட்ட வரேல்லை."

"அதில பாட்டுக்காரன்ர மூச்சு இருக்கு."

அண்ணை லொறிக்காரரை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தார். "உனக்கென்ன விசரே? குப்பை எண்டு நீதானே தந்தனி."

"நான்தான் தந்தனான். அந்த நீளமான துண்டு எங்க?"

"அது நீளமாக் கிடந்தது. வெட்டித்தான் கட்டினனான்."

"எத்தினை துண்டா?"

"முழத்துக்கு முழம். மூண்டு முழம் வந்தது, மிச்சம் நாலு விரல். அந்த நாலு விரலால குச்சியைச் சேர்த்துக் கட்டினன்."

குச்சிகளைப் பார்த்தோம். சின்னத் துண்டுகள் ஒன்பதும் இருந்தன. முழத் துண்டு இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. குச்சிக்கட்டில் நாலு விரல் நாடா முடிச்சாகக் கிடந்தது. இன்னொரு முழத்தின் குச்சி வெறுமையாக நின்றது. காற்றில் அவிழ்ந்து போயிருக்க வேண்டும். வேலியோரம், கழிவுநீர்க் கானுக்குள், பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எல்லாம் தேடினோம். லொறிக்காரர் அந்தப் பெரிய உடம்போடு முழங்காலில் தவழ்ந்தார். அண்ணையும் சிகரெட்டை எறிந்துவிட்டுத் தேடினார். மேலே கூரை ஓரத்தில் கறுப்புக் குருவி ஒன்று கூடு கட்டிக்கொண்டிருந்தது. அதை ஏறிப் பார்க்க ஏணி இல்லை. கீழே நின்று பார்த்தால் வைக்கோலும் புல்லும்தான் தெரிந்தது.

கிடைத்த துண்டுகளை வெயிலுக்கு எதிரே பிடித்தேன். ஒலியைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் வெட்டு தெரியும். என் வெட்டு எப்போதும் வலது பக்கம் சாயும். கடையிலிருந்து வந்த பழக்கம். அண்ணையின் வெட்டு கத்தரிக்கோல் வெட்டு, நேர். நாலு விரல் துண்டை முடிச்சவிழ்த்துப் பார்த்தபோது ஒரு நுனியில் என் சாய்ந்த வெட்டு இருந்தது. ஆனால் அது பாட்டின் பக்கமா மற்றப் பக்கமா?

"எந்தப் பக்கமிருந்து முழம் போட்டனீங்கள் அண்ணை?"

"வெள்ளையாப் பென்சில் கோடு கிடந்த பக்கம் இருந்து."

பாட்டைத் தேடி ஆட்டும்போது நான் பென்சிலால் குறித்த கோடு. அப்படியென்றால் பாட்டின் பக்கம்தான் முதல் முழம். நாலு விரல் மறுகோடி. அதில் ஒன்றுமில்லாத ஆரம்ப இரைச்சல்தான் இருக்கும். இரண்டு முழத் துண்டுகளின் ஓரங்களையும் பார்த்தேன். இரண்டிலும் சாய்ந்த வெட்டு இல்லை, பென்சில் கோடும் இல்லை. ஆக, போனது பாட்டை ஒட்டிய முதல் முழம். மூச்சு.

"போச்சு," என்றேன்.

லொறிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எவ்வளவு போச்சு?"

"ஒரு முழம்."

"முழம் எண்டால் என்ன?"

அண்ணை தன் வலது கையை மடக்கி, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை காட்டினார். லொறிக்காரர் அந்தக் கையை வெறித்துப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மூச்சு போனாலும் அதன் நீளம் போகவில்லை. அது அண்ணையின் கையில் இருக்கிறது. இரண்டு முழத் துண்டையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. அப்படி அளப்பவர்.

"அண்ணை, கையைத் தாங்கோ."

"கழட்டிக்கொண்டு போகப் போறியோ?"

அவருடைய விதைப்பையின் சணல் கயிற்றில் ஒரு முழம் அளந்து வெட்டினேன். மூன்று தரம் வைத்துச் சரிபார்த்தேன். நாடாத் துண்டுகளை மடியாமல் பால் ரின்னில் சுற்றிக் காரில் வைத்தேன். கயிற்றைக் காற்சட்டைப் பையில் போட்டேன்.

திரும்பும்போது மாவட்ட எல்லையைத் தாண்டி மூன்று கிலோமீற்றர் இருக்கும், பொலிஸ் வாகனம் குறுக்கே நின்றது. எல்லாக் காரையும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருப்ப இடமில்லை.

"ஒண்டும் பேசாதையும்," என்றார் லொறிக்காரர்.

அவருடைய தாள் சரி. என்னுடையதை வாங்கிய பொலிஸ்காரர் இளம் ஆள், மரியாதையாகத்தான் நடந்தார். மாவட்டத்தின் பெயரைப் படித்தார். கோடு போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். இறங்கச் சொன்னார். வயர்லெஸ்ஸில் என் பெயரைச் சொன்னார். மார்கழி மாதத்துச் சங்கதி திரும்பி வந்தது.

"இரண்டாம் முறை," என்றார். "எங்களோட வரவேணும்."

பையில் உள்ளதையெல்லாம் காரின் முன்மூடியில் வைக்கச் சொன்னார். சீப்பு, சாவி, பிளேடு, கயிறு. பிளேடைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கினார். லொறிக்காரர் அவசரமாக விளக்கினார். நாடா வெட்டுற பிளேடு, பாட்டுக்கு, ஸ்டூடியோவுக்கு. பொலிஸ்காரர் அதை ஒரு உறையில் போட்டார். பிறகு கயிற்றை எடுத்து விரித்தார்.

"இது?"

"அளவு."

"என்னத்தின் அளவு?"

என் டொய்ச்சில் அதற்குச் சொல் இருக்கவில்லை. "அவருக்கு வேணும். அவரிட்டக் குடுக்கலாமோ?"

அவர் கயிற்றை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். முடிச்சு இருக்கிறதா என்று விரலால் தடவினார். கூட நின்ற மூத்த பொலிஸ்காரர் கொட்டாவி விட்டார். அவ்வளவு நேரமும் நான் மூச்சு விட்டேனோ தெரியாது. கடைசியில் கயிற்றை லொறிக்காரரிடம் நீட்டினார்.

என்னை வாகனத்தில் ஏற்றும்போது லொறிக்காரரைப் பார்த்துக் கத்தினேன். "ரெண்டு துண்டு முதல்ல. அதுக்குப் பிறகு வெறும் நாடா, கயிறு அளவு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அதுக்குப் பிறகு பாட்டு!"

"ரெண்டு துண்டு, கயிறு, பாட்டு," என்று அவர் திருப்பிச் சொன்னார்.

"கயிறை இழுக்க வேண்டாம், நீளும்!"

கதவைச் சாத்திவிட்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் மர வாங்கில் பின்னேரம் வரை இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. ஒரு பெண் கோப்பி கொண்டுவந்து தந்தாள். சுவரில் மணிக்கூடு. நான் அதன் செக்கன் கம்பியைப் பார்த்து, நாடாவின் வேகத்தை நினைத்து, ஒரு முழம் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு செக்கனும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை எனக்குக் கணக்கில் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு துண்டையும் மாறி ஒட்டுவார்களோ, பின்முன்னாக ஒட்டுவார்களோ, கயிற்றைச் சூட்டில் வைப்பார்களோ என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். என் வழக்கைப் பற்றி நினைக்க அன்று நேரம் வரவில்லை. ஏதோ தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஹைமில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஞாயிறும் திங்களும் வெளியே போகவில்லை. தொலைபேசி எண் எதுவும் என்னிடம் இல்லை. அண்ணை ஒவ்வொரு மணிக்கும் வந்து, "என்னடா, என்ர கை பாடிச்சுதோ?" என்று கேட்டுவிட்டுப் போவார். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கம்பனிக்காரர் வந்திருப்பார் என்று நினைத்தேன். பதினொன்றுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை லொறி வந்தது. லொறிக்காரர் பாடாமல் இறங்கினார். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து நான் பெட்டிகளை எண்ணினேன். முழுவதையும் இறக்கி முடித்துவிட்டு, கடைசிப் பெட்டியின் மேல் விரல் மொழியால் நாலு தட்டுத் தட்டினார். பிறகு மூச்சை இழுத்தார். வைத்திருந்தார். பாடினார். முதல் சொல் மட்டும்.

"முதல் தரத்திலயே விழுந்தம்," என்றார். "மூண்டு பேரும்."

"மூச்சில்லாமலோ?"

"முதல் ரெண்டு முறை பாடாமல் வெறும் நாடாவில கேட்டம். பிறகு மூத்தவள் தன்ர மைக்கில தானே மூச்செடுத்தாள், அவன் எடுக்கிற மாதிரி. கயிறு அளவு. அதைக் கேட்டு நாங்கள் விழுந்தம். கம்பனிக்காரன் கேட்டான். அந்தத் தட்டையும் மூச்சையும் எடுக்க வேண்டாம், அப்பிடியே விடுங்கோ எண்டான்."

"சிப்பாயின்ர மூச்செண்டு நினைச்சானோ?"

"நாங்கள் சொல்லேல்லை."

லொறிக்காரர் முன் இருக்கையிலிருந்து ஒரு பெரிய பையை எடுத்துத் தந்தார். மூத்தவள் அனுப்பியிருந்தாள். உள்ளே வெட்டிப்போட்ட நாடா, ஒரு சுருள் அளவுக்கு. சனிக்கிழமை பிழையாகிப் போனவை எல்லாம். மேலே ஒரு துண்டுக் கடதாசியில், 'கை கொடுத்தவருக்கு' என்று எழுதியிருந்தது. சணல் கயிற்றை மட்டும் அனுப்பவில்லை.

ஒரு மாதத்துக்குள் வழக்கின் கடிதம் வந்தது. அதோடு என்னை வடக்கே, ஹனோவருக்கு அப்பால் இன்னொரு ஹைமுக்கு மாற்றினார்கள். இசைத்தட்டு வெளிவந்ததை அங்கே ஒரு கடை ஜன்னலில்தான் பார்த்தேன். உள்ளே போய்க் கேட்டேன். காதில் மாட்டித் தந்தார்கள். நாலு தட்டு, அவள் மூச்சு, அவன் குரல்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிப் போனால், பையைக் கண்டதும் அண்ணை ஓடி வந்தார். கையை மடக்கி முழம் போட ஆயத்தமானார். நான் பையைக் கொடுக்கவில்லை.

"என்னடா, குப்பைதானே?"

"பொறுங்கோ அண்ணை. ஒருக்கா எல்லாத்தையும் பார்த்திட்டுத் தாறன்."

"உதில பார்க்க என்ன கிடக்கு? குருவி எல்லாத்தையும் திண்டு முடிச்சிடும்."

"திண்டால் திண்டிட்டுப் போகட்டும்," என்றேன். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக வெளியே எடுத்து, அதன் ஓரத்தை வெயிலில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினேன்.